அர்காடியாவின் ஆட்கள்: கொடி, கட்டளை, சமையலறை

லெய்ஜி மட்சுமோட்டோவின் 'விண்வெளிக் கொள்ளையன் கேப்டன் ஹார்லாக்' பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஹார்லாக்கைப் பற்றியே எழுதுகிறார்கள். ஒரு கண்ணை மறைத்த கறுப்புப் பட்டை, முகத்தில் தையல் தழும்பு, பறந்துகொண்டே இருக்கும் மேலங்கி (விண்வெளியில் காற்று எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது). தனிமனிதக் கலகக்காரன், கடைசி வீரன் என்று பட்டங்கள் வேறு. எனக்கு அக்கறை அவனோடு அர்காடியா என்ற கப்பலில் கிடக்கிற நாற்பதுபேரிடம்தான். ஒரு சின்னக் குழு எப்படிச் சேர்ந்து இருப்பது, யார் யாருக்குக் கட்டளையிடுவது, சட்டத்துக்கு வெளியே போய்விட்டவர்களிடம் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அமைப்புகளில் இருந்தவர்களுக்குப் பழகிய கேள்விகள். பையன்களுக்கென்று தயாரான ஒரு சித்திரத்தொடர் அவற்றை எழுப்பிவிட்டுப் பாதியில் நழுவியும் போகிறது. எழுப்பிய விதமும் நழுவிய இடமும் இரண்டுமே முக்கியம்.

முதலில் கதை. மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதையாக 1977இல் தொடங்கி 1979இல் முடிவுறாமலே நின்றுபோனது. தோயெய் நிறுவனம் தயாரிக்க, ரின்டாரோ இயக்கிய தொலைக்காட்சித் தொடர் 1978 மார்ச்சிலிருந்து 1979 பிப்ரவரிவரை 42 பகுதிகள் ஒளிபரப்பானது. கதை நடப்பது 2977இல். பூமியின் கடல்கள் இல்லாமற் போய்விட்டன. உழைப்பை இயந்திரங்களிடம் ஒப்படைத்துவிட்டு மனிதர்கள் பொழுதுபோக்குகளில் சரிந்து கிடக்கிறார்கள். பிரதமர் கோல்ஃப் ஆடுகிறார். வானத்திலிருந்து மசோன் என்ற தாவரப் பெண்ணினம் படையோடு வருகிறது. அரசாங்கம் அதை நம்பத் தயாராக இல்லை. நம்புகிற ஒரே கூட்டம், அரசாங்கம் தேடிக்கொண்டிருக்கிற கொள்ளைக் கூட்டம்.

மிஷேல் ஃபூக்கோ 1967இல் கட்டடக் கலைஞர்கள் முன் ஆற்றிய உரையில் 'வேற்றிடம்' என்ற கருத்தை விளக்கும்போது கப்பலைத்தான் அதன் உச்ச உதாரணமாகச் சொன்னார். படகுகளற்ற நாகரிகத்தில் கனவு வறண்டுவிடும், சாகசக்காரனின் இடத்தை ஒற்றனும் கடற்கொள்ளையனின் இடத்தைப் போலீசும் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். உரை அச்சில் வந்ததே 1984இல்தான். ஆகவே யார் யாரைப் படித்தார்கள் என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டாம். கடல் வற்றிய பூமி, அதில் போலீஸ், வானத்தில் ஒரு கப்பல்: அதே சிந்தனையை மட்சுமோட்டோ தன் வழியில் வந்தடைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தக் கப்பலில் என்ன நடக்கிறது? சண்டையில்லாத நேரத்தில் ஒண்ணும் நடப்பதில்லை. முதன்மைத் துணைவன் யத்தாரன் குள்ளமான, கண்ணாடி போட்ட, பழந்துணி மாதிரி ஆள். பிளாஸ்டிக் மாதிரிக் கப்பல்களை ஒட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டால் 'எனக்கு வேலை இருக்கு' என்பான், அதுவும் ஒசாகா பக்கத்துப் பேச்சுவழக்கில். (மட்சுமோட்டோவின் உதவியாளராயிருந்து பின்னால் 'ஏரியா 88' வரைந்த காஓரு ஷின்டானியே யத்தாரனுக்கு மூலம் என்பார்கள்.) மருத்துவர் டாக்டர் ஜீரோ பூனையும் சாராயமுமாக இருக்கிறார். மாசு என்ற கிழவி கத்தியோடு சமையலறையை ஆள்கிறாள். எஞ்சின் பகுதியில் மாஜி. மற்றவர்கள் சீட்டாடுகிறார்கள், உருள்கிறார்கள், கத்துகிறார்கள். மசோனால் கொல்லப்பட்ட விஞ்ஞானியின் மகன் டடாஷி டைபா வந்து சேர்கிறபோது இந்தக் கோலத்தைப் பார்த்து அவனுக்குக் கோபம் வருகிறது. இவர்களா பூமியைக் காப்பாற்றப் போகிறவர்கள்? பிறகு எச்சரிக்கை மணி அடிக்கிறது. அதே ஆட்கள் அவரவர் இடத்தில் போய் நிற்கிறார்கள். யாரும் விரட்டவில்லை. யாரும் வரிசையில் நிற்கவில்லை.

இதன் பொருளைப் பிடிக்க இன்னொரு கப்பல் தேவைப்படுகிறது. 1974இல் ஒளிபரப்பான 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ'வின் உருவாக்கத்தில் மட்சுமோட்டோவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1945 ஏப்ரல் 7இல் ஏறக்குறைய 3,000 பேரோடு மூழ்கிய ஏகாதிபத்தியக் கடற்படையின் யமாட்டோ போர்க்கப்பலைக் கடலடியிலிருந்து எழுப்பி விண்வெளிக்கு அனுப்பிய கதை அது. சீருடை, சல்யூட், பதவி வரிசை, தந்தை போன்ற கிழக் கேப்டன் எல்லாம் அங்கே உண்டு. தோற்றுப்போன போரை இன்னொருமுறை, இம்முறை சரியான பக்கத்தில் நின்று நடத்திப் பார்க்கும் ஆசை என்று அதைப் படித்தவர்கள் உண்டு. அந்த வாசிப்பை மறுக்க எனக்குக் காரணமில்லை. 1978இல் வந்த யமாட்டோ திரைப்படம், கதாநாயகன் கப்பலோடு எதிரிமேல் மோதிச் சாவதாக முடிந்தது. கூட்டங்கூட்டமாய் இளைஞர்கள் போய் அழுதார்கள். தற்கொலைத் தாக்குதலை அழகாக்கும் அந்த முடிவு மட்சுமோட்டோவுக்கு உடன்பாடானதல்ல. அவருடைய தந்தை ராணுவ விமானி. போருக்குப் பிறகு தற்காப்புப் படையில் சேர மறுத்து வறுமையை ஏற்றவர். ஹார்லாக் தொடர் அதே 1978இல் ஓடிக்கொண்டிருந்தது. யமாட்டோவை உள்வெளியாகத் திருப்பிப் போட்டால் அர்காடியா கிடைக்கும். சீருடை இல்லை. சல்யூட் இல்லை. வேண்டாமென்றால் இறங்கிப் போகலாம். நாட்டுக்காகச் சாவது என்ற வாக்கியத்துக்கே இடமில்லை, ஏனென்றால் அந்த நாடு இவர்கள் தலைக்கு விலை வைத்திருக்கிறது.

இன்னொரு பின்னணியும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் அந்தச் சோம்பேறிக் கப்பலின் ருசி புரியாது. 1968, 69இல் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களை உலுக்கிய மாணவர் எழுச்சி, அடக்குமுறையாலும் உட்குழுச் சண்டைகளாலும் சிதறியது. மிச்சத்தில் ஒன்று ஐக்கிய செம்படை. 1971–72 குளிர்காலத்தில் மலை முகாம்களில் அந்த அமைப்பு தன் தோழர்களையே 'சுயவிமர்சனம்' என்ற பெயரில் அடித்தும் குளிரில் கட்டிப்போட்டும் கொன்றது. 12 பேர். ஒரு பெண் தோழர் மோதிரம் போட்டிருந்ததுகூடப் புரட்சிகரமற்ற மனநிலைக்குச் சான்றாக்கப்பட்டது. 1972 பிப்ரவரியில் அசாமா மலை விடுதி முற்றுகையைத் தேசமே தொலைக்காட்சியில் பார்த்தது. உள்கொலைகள் அதற்குப் பிறகே வெளியே வந்தன. மட்சுமோட்டோ இதை மனதில் வைத்து வரைந்தார் என்று நான் வாதிடவில்லை. தொடரைப் பார்த்த சமூகம் இதைக் கடந்து ஆறு வருஷமே ஆகியிருந்தது என்கிறேன். உறுப்பினனின் ஒவ்வொரு பழக்கத்தையும் கோட்பாட்டின் முன் நிறுத்தி விசாரித்த முகாம் ஒருபுறம். துணைத் தலைவன் பொம்மைக் கப்பல் ஒட்டிக்கொண்டிருப்பதை யாரும் கேட்காத கப்பல் மறுபுறம். தூய்மையைக் கேட்காத குழுவும் போராடும் என்ற எண்ணம் அன்றைக்கு ஒரு மூச்சு விடுதலாக இருந்திருக்க வேண்டும். இன்றைக்கும் சிலருக்கு இருக்கும்.

ஆனால் இங்கேதான் பிடி நழுவுகிறது. 18ஆம் நூற்றாண்டின் அட்லாண்டிக் கடற்கொள்ளையரைப் பற்றி மார்கஸ் ரெடிக்கர் எழுதியவற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும்: அந்தக் கப்பல்களில் கேப்டன் தேர்ந்தெடுக்கப்பட்டவன், நீக்கப்படக்கூடியவன். துரத்தலிலும் சண்டையிலும் மட்டுமே அவன் சொல் சட்டம். மற்ற நேரத்தில் குவார்ட்டர்மாஸ்டர் என்ற இன்னொரு தேர்வான ஆள் அவனுக்குக் கடிவாளம். ஆளுக்கு ஒரு பங்கு என்றால் கேப்டனுக்கு ஒன்றரை அல்லது இரண்டு. கையோ காலோ போனவனுக்குப் பொதுப்பணத்திலிருந்து இழப்பீடு. எல்லாம் எழுதப்பட்ட உடன்படிக்கை. வணிகக் கப்பல்களிலும் கடற்படையிலும் சவுக்கடி வாங்கிய கூலி மாலுமிகள் ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு இது. அவர்களைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை, கொலைகாரர்களும்தான். ஆனால் அவர்கள் சுதந்திரத்தின் அடியில் ஒரு வாக்கு இருந்தது.

அர்காடியாவில் வாக்கு இல்லை. உடன்படிக்கை இல்லை, பங்கு இல்லை, தேர்தல் இல்லை. சண்டையின்போது மட்டும் கட்டளை என்ற பாதியைத் தொடர் வைத்துக்கொண்டது. கட்டளையிடுபவனை நீக்கலாம் என்ற மறுபாதியை விட்டுவிட்டது. கப்பலாட்களின் விட்டேத்தித்தனம் முழுவதும் ஹார்லாக்கின் பெருந்தன்மையால் கிடைப்பது. அவன் கேட்பதில்லை, அதனால் அவர்கள் சுதந்திரமாக இருக்கிறார்கள். அவன் கேட்க ஆரம்பித்தால்? அந்தக் கேள்வியைத் தொடர் ஒருபோதும் வரவிடுவதில்லை. தவறே செய்யாத ஒருவனைக் கேப்டனாக்கிவிட்டால் அமைப்பு விதிகள் தேவைப்படாது. கதையில் அது சுலபம்.

இந்தத் தொடர் 1980 ஜனவரியில் பிரான்சில் 'அல்பட்டோர்' என்ற பெயரில் ஓடத் தொடங்கியபோது துணைத்தலைப்பில் 'விண்வெளிக் கொர்சேர்' என்று போட்டார்கள். கொர்சேர் என்பவனும் கடலில் கொள்ளையடிப்பவன்தான், ஆனால் அரசனிடம் உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டு எதிரி நாட்டுக் கப்பலை அடிப்பவன். குழந்தைகள் பார்க்கிற நிகழ்ச்சியில் கொள்ளையன் நாயகனாவது உறுத்தியிருக்கலாம். ஒரே சொல்லில் ஹார்லாக்கின் கையில் ஓர் உரிமச்சீட்டைத் திணித்துவிட்டார்கள். அபத்தம்தான். ஆனாலும் அந்த மொழிபெயர்ப்பு தெரியாமல் ஒரு உண்மையைத் தொட்டுவிடுகிறது. ஹார்லாக் என்ன கொள்ளையடித்தாலும், தன்னைத் தேடும் பூமிக்காகத்தான் கடைசியில் சண்டை போடுகிறான். மண்டையோட்டுக் கொடிக்குக் கீழே இருப்பது இன்னமும் ஒரு காவற்படைதான்.

கேப்டனின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு 1982இல் வெளியான 'என் இளமையின் அர்காடியா' திரைப்படம் விடை சொல்கிறது. பூமியை வென்று ஆளும் இல்லுமிடாஸ் என்ற அந்நியர், அவர்களோடு ஒத்துப்போகும் உள்ளூர் அரசு, தோற்றுத் திரும்பும் படை அதிகாரி ஹார்லாக். 1945க்குப் பிந்திய ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்பது யாருக்கும் புரியும். நடுவே ஒரு முன்னோர் கதை வருகிறது: இரண்டாம் உலகப்போரில் மெஸ்ஸர்ஷ்மிட் விமானம் ஓட்டும் ஜெர்மானிய ஹார்லாக், அவன் காப்பாற்றும் ஜப்பானியப் பொறியாளன். அந்த விமானம் யாருக்காகப் பறந்தது என்ற கேள்வியைப் படம் நட்பு, வாக்கு, ஆண்மை என்ற சொற்களால் மூடிவிடுகிறது. சீருடையைக் கழற்றிய கப்பலின் அடித்தளத்தில் சீருடையின் மானம் பத்திரமாக இருக்கிறது. கேப்டனை யாரும் தேர்ந்தெடுக்காததற்குக் காரணம், அவன் பரம்பரை அதிகாரி.

இவ்வளவுக்குப் பிறகும் என்னால் இந்தக் கப்பலைக் கைவிட முடியவில்லை. காரணம் டோச்சிரோ. கப்பலை வடிவமைத்துக் கட்டிய பொறியாளன், ஹார்லாக்கின் நண்பன். கதை தொடங்குவதற்கு முன்பே நோயில் செத்துப்போனவன். அவன் உயிர் கப்பலின் மையக் கணினியில் இருக்கிறது. ஹார்லாக் தனியாகப் போய் அதனிடம் பேசுகிறான். சில சமயம் கப்பல் தானாகவே நகர்கிறது. இயந்திரம் என்பது செத்த உழைப்பு, உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழ்வது என்று மார்க்ஸ் காட்டினார். இங்கே செத்த உழைப்பு நண்பனாகத் திரும்பி வந்து, உயிரோடிருப்பவர்களைச் சுமந்து போகிறது. கீழே பூமியில் மனிதரை மந்தமாக்கிய அதே இயந்திரம், யார் கட்டியது என்று தெரிந்த இடத்தில் வேறொன்றாகிறது. தொடரின் மிக அரசியலான சிந்தனை இதுதான் என்பேன். கப்பலின் பின்புறம் பழைய பாய்மரக் கப்பலின் மர மாளிகையாக இருப்பதும் இதோடு சேர்ந்தது. வேகத்துக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. செய்தவன் ஆசைப்பட்டிருக்கிறான், இருக்கிறது.

சமையலறைக்கு வருவோம். நாற்பது ஆண்கள் உருண்டு கிடக்க, ஓய்வில்லாமல் வேலை செய்கிறவள் மாசு. அவளை நகைச்சுவைப் பாத்திரமாக்கிவிட்டதால் அவள் உழைப்பு கண்ணுக்குப் படுவதில்லை. எதிரியின் இருப்பிடத்தைக் கணித்துச் சொல்பவள் கெய் யூகி. சோம்பலுக்கு அனுமதி இல்லாத இன்னொருத்தி. மூன்றாமவள் மீமே: அழிந்த கிரகத்தின் கடைசிப் பெண். அவளுக்கு வாயே வரையப்படவில்லை. யாழ் மீட்டுகிறாள், மது அருந்துகிறாள், தன் உயிரை ஹார்லாக்குக்கென்று கொடுத்துவிட்டாள். விட்டேத்தியாக இருக்கிற உரிமை கப்பலில் ஆண்களுக்கு மட்டுமே என்பதை இதைவிடத் தெளிவாக வரைய முடியாது. எதிரியோ முழுக்கவும் பெண்கள். ராணி ராஃப்லேசியாவின் கீழ் ஒரு மக்கள்கூட்டமே வீடு தேடி அலைகிறது. ஆதியில் பூமி தங்களுடையதாயிருந்தது என்பது அவர்கள் கோரிக்கை. படைக்கப்பல்களின் பின்னால் சாதாரணக் குடிகள் வருகிறார்கள், களைத்திருக்கிறார்கள், தலைமையை எதிர்த்து முணுமுணுக்கிறார்கள். மசோன் சாகும்போது காகிதம்போல் எரிந்துபோகிறாள். பிணம் மிஞ்சுவதில்லை, கொன்றவனுக்கு உறுத்தலும் மிஞ்சவேண்டியதில்லை. ஆனாலும் தொடரின் பிற்பகுதி அந்த அகதிக் கூட்டத்தை அடிக்கடி திரும்பிப் பார்க்கிறது. தான் வரைந்த எதிரியை முழுசாக வெறுக்க அதனால் முடியவில்லை.

கடைசிப் பகுதியில் ஹார்லாக் ராஃப்லேசியாவை வாளால் தோற்கடித்து, கொல்லாமல் போகவிடுகிறான். பிறகு கப்பலாட்களைப் பூமியில் இறக்கிவிடுகிறான். இனி நீங்கள் இதைக் கட்டுங்கள் என்பது அவன் முடிவு. யாரையும் கேட்கவில்லை. மீமேயையும், கணினியிலிருக்கும் டோச்சிரோவையும் அழைத்துக்கொண்டு அர்காடியா கிளம்புகிறது. யத்தாரனும் மாசுவும் டாக்டர் ஜீரோவும் கெய்யும் டடாஷியும் மற்றவர்களும் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். கேமரா கப்பலோடு போய்விடுகிறது.