கற்பித்தல் இயங்குதளம்

கற்பித்தல் இயங்குதளம் என்பது, இயங்குதள வடிவமைப்பைக் கல்லூரி மாணவர்கள் படித்தும் திருத்தியும் கற்பதற்கென எழுதப்பட்ட சிறிய இயங்குதளம் ஆகும். மினிக்ஸ், பின்டோஸ், எக்ஸ்வி6 ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான எக்ஸ்போஸ் இவ்வகையில் ஓர் இந்திய முயற்சியாகும்.

தேவை

ஒரே கணினியில் இயங்கும் பல நிரல்களுக்குச் செயலியின் நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டுத் தருவது இயங்குதளத்தின் மையப் பகுதியான கருனியின் வேலை. லினக்ஸ் கருனியின் மூலநிரல் 2 கோடி வரிகளுக்கும் மேற்பட்டது. ஒரு பருவத்தில் அதைப் படித்து முடிக்க இயலாது.

பாடநூல் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் இயங்குதளம் நான்காம் பருவப் பாடமாக உள்ளது. இதன் செய்முறை வகுப்பில் மாணவர்கள் நேரப் பங்கீடு, பக்க மாற்றம் முதலிய வழிமுறைகளைத் தனித்தனி சி நிரல்களாக எழுதுகின்றனர். இதனால் கணக்கீடு புரிகிறது. ஆனால் ஒரு நிரல் பாதியில் நிறுத்தப்படும்போது அதன் நிலை எங்கே சேமிக்கப்படுகிறது, இரண்டு செயலிகள் ஒரே பட்டியலை ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும் என்பவை கருனிக்குள் சென்றால்தான் தெரியும்.

வரலாறு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் 1976 இல் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு உரை எழுதி மாணவர்களுக்குக் கற்பித்தார். 1979 இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் பயன்படுத்தத் தடை விதித்தது. லயன்ஸின் உரை நகலெடுக்கப்பட்டுக் கைமாறியது. 1996 இல்தான் நூலாக முறைப்படி வெளிவந்தது.

இத்தடையால் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம் தாமே மினிக்ஸை எழுதி, 1987 இல் பாடநூலுடன் வெளியிட்டார். அதைக் கொண்டு கற்ற பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் லினக்ஸைத் தொடங்கினார். 2006 இல் அமெரிக்காவின் எம்ஐடி, யூனிக்ஸ் ஆறாம் பதிப்பைப் பின்பற்றி எக்ஸ்வி6 ஐ உருவாக்கியது. இது 10,000 வரிகளுக்கு உட்பட்டது. தற்போதைய வடிவம் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் இயங்குகிறது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகளும் இதே கட்டமைப்பைச் சேர்ந்தவையே.

ஒரு பயிற்சி

எக்ஸ்வி6 இல் 'ஃபோர்க்' என்னும் அழைப்பு, தாய்ச் செயல்முறையின் நினைவகம் முழுவதையும் நகலெடுத்துச் சேய்ச் செயல்முறையை உருவாக்குகிறது. சேய் உடனே வேறு நிரலை ஏற்றினால் அந்த நகல் வீணாகும். எனவே நகலெடுக்காமல், இரண்டும் ஒரே பக்கங்களைப் பகிருமாறு கருனியை மாற்றுவது மாணவர்களுக்குத் தரப்படும் ஒரு பயிற்சி. பக்கங்கள் 'படிக்க மட்டும்' எனக் குறிக்கப்படும். ஒன்று எழுத முயன்றால் செயலி பிழை எழுப்பும். அப்போது கருனி அந்த ஒரு பக்கத்தை, அதாவது 4096 பைட்டுகளை, மட்டும் நகலெடுக்கும்.

இதற்கு ஒவ்வொரு பக்கத்தையும் எத்தனை செயல்முறைகள் பகிர்கின்றன என்று எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்துபோனால், பயன்பாட்டில் உள்ள பக்கம் மற்றொன்றுக்குக் கொடுக்கப்பட்டுத் தரவு சிதையும். கூடிப்போனால் அந்தப் பக்கம் ஒருபோதும் விடுவிக்கப்படாது. லினக்ஸும் இம்முறையையே கையாள்கிறது.

கற்கத் தொடங்குதல்

சி மொழி, தரவுக் கட்டமைப்பு, கணினி அமைப்பு ஆகியவற்றில் அடிப்படை அறிவு வேண்டும். எக்ஸ்வி6 இன் மூலநிரலும் விளக்க நூலும் இலவசம். 'கியூஎமு' என்னும் போலிக் கணினி மென்பொருளில் இயங்குவதால் சாதாரண மடிக்கணினியே போதும். கருனி பழுதானாலும் கணினிக்குச் சேதமில்லை. சென்னை ஐஐடி பேராசிரியர் செஸ்டர் ரெபெய்ரோவின் இயங்குதளப் பாடம் என்பிடெல் தளத்தில் காணொளியாகக் கிடைக்கிறது. கீழ்பென்னாத்தூர் போன்ற சிற்றூர்களிலிருந்து கல்லூரி சென்றுவரும் மாணவர்களும் இவற்றைக் கொண்டு வீட்டிலிருந்தே பயிலலாம். முதலில் ஒரு புதிய முறைமை அழைப்பைச் சேர்த்துப் பார்ப்பது நல்ல தொடக்கம்.