பிள்ளை மடுவமும் தோட்டப் பள்ளிக்கூடமும்

வட்டவளையில் மழை பெய்கிறது என்று ஒருவர் சொன்னால் அதில் புதுமை ஒன்றும் இல்லை. மழை ஓய்ந்தது என்றால்தான் அது செய்தி. நாவலப்பிட்டிக்கும் அட்டனுக்கும் இடையே, மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு ஏறும் புகையிரதப் பாதையில் அமைந்த இச் சிற்றூர், இலங்கையிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் இங்கே மழை கொட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மலையும் வானும் ஒன்றாகிவிடும். அந்த மழையிலும் கொழுந்து துளிர்க்கிறது. துளிர்த்த கொழுந்தைக் கிள்ளியாக வேண்டும். கிள்ளுகின்ற கை பெரும்பாலும் ஒரு தாயின் கை.

அத் தாயின் பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது?

இவ்வொரு கேள்வியைக் கைவிளக்காகக் கொண்டே மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றினூடே நடந்து செல்லலாம் என்று தோன்றுகிறது. வரலாறு எழுதியோர் கோப்பியையும் தேயிலையையும் பற்றி எழுதினர். கூலியையும் வாக்குரிமையையும் பற்றி எழுதினர். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும் புதிய நாட்டில் காலடி வைத்த ஒரு குடும்பத்திற்குப் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது, அதற்கு எழுத்தறிவிப்பவர் யார் என்னும் இரண்டுமே பொழுது விடிந்தால் எதிரே வந்து நிற்கும் கவலைகள். அவற்றிற்கு இம் மலைநாடு என்ன விடை தந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

வந்தது அரைக் குடும்பம்

கோப்பிக் காலத்தில் இக் கேள்வி பெரிதாக எழவில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்திற்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்களே அக் காலத்தில் மிகுதி. அவர்களுள்ளும் ஆடவரே பெருந்தொகையினர். 1869ஆம் ஆண்டில் கோப்பிச் செடியைப் பற்றிய இலைநோய் அத் தொழிலைச் சில ஆண்டுகளில் அழித்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் என்ற ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். ஆகவே ஆண் தனியே வந்து போன நிலை மாறிக் குடும்பம் வந்து தங்கும் நிலை உண்டாயிற்று. 1884இல் புகையிரதப் பாதை வட்டவளையைக் கடந்து அட்டனை எட்டியது. வந்தவர் தொகை பெருகிற்று.

குடும்பம் வந்தது என்கிறோம். உண்மையில் வந்தது அரைக் குடும்பம். வேலை செய்யக்கூடிய கணவனும் மனைவியுமே கங்காணிக்கு வேண்டியவர். மதுரையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இராமநாதபுரத்திலும் இருந்து புறப்பட்டவர்கள், கிழவியையும் கிழவனையும் பெரும்பாலும் ஊரிலேயே விட்டு வந்தனர். ஊரில் பிள்ளை வளர்ப்பு என்பது தாய் ஒருத்தியின் பொறுப்பாக இருந்ததில்லை. அவள் களையெடுக்கப் போனால் பாட்டி இருப்பாள். பாட்டிக்கு முடியாவிட்டால் அத்தை இருப்பாள். அவளும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுத் திண்ணை இருக்கவே இருக்கிறது. அதற்கு அங்கே ஒரு பெயர் தேவைப்படவில்லை.

லயத்தில் திண்ணை இல்லை. பத்தடிக் காம்பராவும், அதன் முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பும் உண்டு. விடியுமுன் தப்பு ஒலிக்கும். பெரட்டுக்களத்தில் கணவனும் நிற்க வேண்டும், மனைவியும் நிற்க வேண்டும். அடுத்த காம்பராக்காரியும் அங்கேதான் நிற்பாள். பிள்ளையை மலைக்கே தூக்கிச் சென்று, மரக்கிளையில் சேலைத் தொட்டில் கட்டிக் கிடத்தியவர்கள் உண்டு. வேறு மலைகளில் அது ஒருவாறு கூடியிருக்கலாம். வட்டவளை மழையிலும் அட்டைக்கடியிலும் எத்தனை நாளைக்குக் கூடும்?

மற்றொரு வழியும் இருந்தது. ஏழெட்டு வயது அக்காள் வீட்டில் நின்று தம்பியைப் பார்த்துக்கொள்வாள். தம்பி வளர்ந்தான், அக்காள் எழுத்தறியாமல் நின்றாள். பிள்ளை பராமரிப்பும் பள்ளிக்கல்வியும் வெவ்வேறு பொருள்கள் என்று எண்ணுவோர் இந்த அக்காளை நினைத்துப் பார்த்தல் நன்று. முன்னதற்கு வழி இல்லாத இடத்தில் பின்னது முதலில் பறிபோவது பெண் குழந்தைக்கே.

ஒரு சொல்லின் கதை

இந் நிலையில் தோன்றியதே பிள்ளை மடுவம். பிள்ளைக் காம்பரா என்றும் கூறுவர். இச் சொற்களைச் சற்று உற்று நோக்குங்கள். ‘பிள்ளை’ நம் சொல். ‘மடுவம்’ சிங்களத்தில் கொட்டகையைக் குறிக்கும் ‘மடுவ’ என்பதன் தமிழ் வடிவம். ‘காம்பரா’ போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. பிள்ளை பார்ப்பவளைக் குறிக்கும் ‘ஆயா’ என்ற சொல்லும் அவர்கள் வழி வந்ததே. ஊரில் பெயரே தேவைப்படாதிருந்த ஒரு காரியத்திற்குப் புதிய நாட்டில் மூன்று மொழிகளிலிருந்து சொல் திரட்ட வேண்டியதாயிற்று. கடல் கடந்து போனவர்கள் எதை இழந்தார்கள் என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக் கூற இயலுமா என்பது ஐயமே.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரும் இதே இக்கட்டில் அகப்பட்டனர். அங்கே மக்கள் வழங்கிய பெயர் ஆயாக் கொட்டகை. விடியுமுன் பால் வெட்டப் போகும் தாய், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அங்கே கிடத்துவாள். நாடு வேறு, பயிர் வேறு, ஏற்பாடு ஒன்றே.

மடுவத்தில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். கொழுந்து கிள்ளிக் கை தளர்ந்த முதியவள் ஒருத்தி அங்கே ஆயாவாக இருப்பாள். இடையிலே பால் கொடுக்கத் தாய்மார் ஓடி வருவர். நிறுவையைத் தவறவிடக் கூடாதே என்ற பதைப்போடு ஓடிப் போவர். தாயின் கை கொழுந்துக்குத் தேவை என்பதாலேயே தோட்ட நிர்வாகம் இம் மடுவத்தைக் கட்டியது. பிள்ளையின்பால் கொண்ட பரிவினால் அன்று. அதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் உள்ளே அமர்ந்திருந்த அந்த மூதாட்டி நிர்வாகத்தின் கணக்கிற்கு அப்பாற்பட்டவள். ஊரில் விட்டு வந்த பாட்டியின் இடத்தை அவள் எடுத்துக்கொண்டாள். தாலாட்டும் கதையும் விடுகதையும் அவள் வாய் வழியாகவே இம் மண்ணில் இறங்கின. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலைப் புரட்டுவோர், இச் செல்வம் ஏட்டில் ஏறுமுன் எத்தனை கிழவியரின் நெஞ்சில் தங்கியிருக்க வேண்டும் என்பதை உணர்வர்.

பத்து வயதில் ஒரு சுவர்

பிள்ளை மடுவத்தைத் தாண்டியதும் பள்ளிக்கூடம். 1854இல் ஆரம்பமான கிறிஸ்தவத் தமிழ்க்கூலி மிஷன் சில தோட்டங்களில் பள்ளிகளை நடத்தியது. கங்காணிமார் சிலர் தாமே திண்ணைப்பள்ளி போல ஒன்றை வைத்ததும் உண்டு. சட்டம் தலையிட்டது 1907ஆம் ஆண்டில்தான். ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்குவதும் தோட்டத்துரையின் கடமை என அவ்வாண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் விதித்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அதனையே வலியுறுத்தியது.

ஆறு முதல் பத்து! ஏன் பத்தோடு நின்றது? 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று எனக் கூலி வகுக்கப்பட்ட அக் காலத்தில், பத்து வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு வைக்கலாகாது என்று சட்டம் தடுத்தது. பள்ளிக் கதவு மூடும் வயதும் பெரட்டுக்களத்தில் பேர் விழும் வயதும் ஒன்றாகவே இருந்தன. சிலேட்டைக் கீழே வைத்த கை அப்படியே கூடையைத் தூக்கிற்று. எழுத்து வந்தால் மலையேற மாட்டார்கள் என்று அஞ்சிய துரைமாருக்கும் இந்த ஒழுங்கு இடையூறாக இருக்கவில்லை.

பள்ளிக்கூடமும் பெரும்பாலும் ஓர் அறையே, உபாத்தியாயரும் ஒருவரே. அரிச்சுவடி படிப்போரும் மூன்றாம் வகுப்பாரும் ஒரே கூரையின் கீழ்க் கூச்சலிடுவர். ஊருக்குக் கடிதம் எழுதுவது, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது, திருவிழாவுக்குக் கணக்குப் பார்ப்பது என யாவும் அவர் தலையிலேதான். கற்பித்தது தமிழும் கணக்கும். ஆங்கிலம் இல்லை, அண்டைக் கிராமத்தார் பேசிய சிங்களமும் இல்லை. தோட்ட எல்லையைக் கடந்து செல்வதற்குரிய மொழி எதையும் அப் பள்ளி தரவில்லை. அட்டன் நகரத்துப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பக் கூடியவர் சிலரே.

1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தது. தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் நிர்வாகத்தின் கையிலேயே தேங்கின. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றோராக்கியது. வாக்கில்லாத தந்தையின் பிள்ளைக்குப் பள்ளி கேட்டு எந்த மன்றத்தில் யார் பேசுவார்? 1960-61ஆம் ஆண்டுகளில் நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் இவை வெளியே நின்றன. 1970களின் பிற்பகுதியிலேதான் தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இலவசக் கல்விக்கும் இதற்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஒரு தலைமுறை பள்ளி வயதைக் கடந்து, தன் பிள்ளைக்கும் பள்ளி தேடத் தொடங்கும் காலம் அது.

மீண்டும் ஒரு புதிய நாடு

இடையிலே இம் மக்களுட் பலர் இரண்டாம் முறையாகப் புதிய நாடு காண நேர்ந்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. பெரியவர்கள் அதனைத் தாயகம் திரும்புதல் என்றனர். வட்டவளையிலோ தலவாக்கலையிலோ பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படித் தாயகம் ஆகும்? தலைமன்னாரில் கப்பலேறிய பிள்ளை, பாதி படித்த பாடத்தை இங்கே விட்டுச் சென்றது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் வேறு புத்தகம், வேறு வரலாறு, வேறு நாணயத்தில் கணக்கு. இங்கே ‘இந்தியாக்காரர்’ என்று சுட்டப்பட்டோர் அங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர்.

அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்து மலையக இளைஞர் பலரைக் கல்வியிலும் எழுத்திலும் தூண்டிய இர. சிவலிங்கம், பிற்காலத்தில் தமிழ்நாடு சென்று, அவ்வாறு போய்ச் சேர்ந்தவர்களின் மறுவாழ்வுக்காகவும் உழைத்தார். மாணவர் கடல் கடந்தபோது ஆசிரியரும் பின்சென்றார் என்றே இதனைக் கொள்ளத் தோன்றுகிறது.

இன்று எஞ்சியுள்ள கேள்வி

நிலை மாறவில்லை என்று கூறுவது நன்றி மறத்தலாகும். 1980களில் சுவீடன் நாட்டின் துணையுடன் பள்ளிக் கட்டிடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞர் ஆசிரிய நியமனம் பெற்றனர். ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் உருவான ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, மலையகப் பிள்ளைக்கு மலையகத்தவரே ஆசிரியராகும் வழியைத் திறந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர் நிலைக்கு முடிவு கண்டது. பிள்ளை மடுவமும் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறியுள்ளது. பயிற்சி பெற்ற பெண்கள் பலர் அங்கே பணி புரிகின்றனர்.

எனினும் உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் பயிலப் பிள்ளைகள் இன்றும் நெடுந்தூரம் போக வேண்டியுள்ளது. தோட்டக் கூலி போதாமையால் தாய்மார் பலர் மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்கின்றனர். அன்று வந்தவள் பாட்டியை ஊரில் விட்டுப் பிள்ளையோடு கடல் கடந்தாள். இன்று போகின்றவள் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுக் கடல் கடக்கிறாள். அங்கே பிறர் பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுகிறாள். அவள் பிள்ளை இங்கே பள்ளிக்குப் போனதா, பாதியில் நின்றதா என்பதைத் தொலைபேசியில் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

2023ஆம் ஆண்டில், இருநூறாவது ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றனர். முன்னோர் நடந்த வழியை நினைவுகூர்தல் தக்கதே. அவ் வழியே இடுப்பில் பிள்ளையோடு வந்தவளுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டு. பிள்ளை மடுவத்து ஆயாவுக்கும் தோட்டப் பள்ளி ஆசிரியருக்கும், அவர்கள் தோளில் ஏற்றப்பட்ட பாரத்திற்கு ஏற்ற ஊதியமும் மதிப்பும் கிடைக்கச் செய்வதே அது. ஒரு நாட்டில் ஒருவர் குடியேறிய நாளைக் குடிவரவுப் பதிவேடு குறித்துக்கொள்கிறது. தன் பிள்ளையை நம்பிக்கையோடு ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வேலைக்குப் போகும் நாளே, அத் தாய் அந் நாட்டில் உண்மையாகக் குடியேறிய நாள்.

வட்டவளையில் நாளைக் காலையும் மழை பெய்யும். படங்கைக் கட்டிக்கொண்டு ஒருத்தி மடுவத்து வாசலில் நிற்பாள். உள்ளிருந்து நீளும் கையை அவள் எத்தகைய மனத்தோடு நோக்குகிறாள் என்பதில் இருக்கிறது, நம் இருநூறு ஆண்டுகளின் கணக்கு.