வாங்காவிட்டாலும் பார்க்கலாம்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள மலைநகரம் சாண்டா ஃபே. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சென்றிருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்குள்ள கேன்யன் சாலையில் நடந்தேன். பழைய மண் வீடுகள் பல இன்று ஓவியக்கூடங்கள். புதிய கண்காட்சிகள் பெரும்பாலும் வெள்ளி மாலையில்தான் திறக்கப்படுகின்றன. அனுமதி இலவசம்.

ஆனாலும் முதல் வாசலிலேயே தயங்கினேன். வாங்கப் பணமில்லாத மாணவிக்கு அங்கென்ன வேலை? உள்ளிருந்த ஓவியர் கைகாட்டி அழைத்தார். “எனக்கு ஓவியம் புரியாது,” என்றேன். “முதலில் எந்த நிறம் கண்ணில் பட்டது?” என்று கேட்டார். பேச்சு அரைமணி நேரம் நீண்டது.

சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் சிங்கப்பூரர்களுக்குப் பொது அனுமதி இலவசம். அவ்வழியே பலமுறை பேருந்தில் போயும் உள்ளே நுழைந்ததில்லை. ஊர் திரும்பிய வாரமே சென்றேன். நீங்களும் தயங்காமல் செல்லுங்கள்.