எந்த வருஷத்து வரைபடம்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பிள்ளையிடம் வீடு எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் பிளாக் நம்பரைத்தான் சொல்லும். முதலில் காகிதத்தில் கோடு போட்டு, பிளாக்குகளுக்கு எண் கொடுத்து, அப்புறம் தரையில் எழுப்பிய ஊர் இது. நிலவரைபடப் பாடம் நடத்த இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை என்றே நினைக்கிறேன்.

தலைப்பு, அளவை, திசை, முறைக்குறியீடுகள், அட்ச தீர்க்கக் கோடுகளின் வலைப்பின்னல் ஆகியவற்றை வரைபடத்தின் உறுப்புகள் என்று பாடநூல் வரிசையாகச் சொல்லும். திசையைக் கற்றுத்தர வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் போதும். கிழக்கே வடலூர், மேற்கே விருத்தாசலம், வடக்கே பண்ருட்டி. பேருந்து போகும் பக்கத்தை வைத்தே பிள்ளைகள் திசையைப் பிடித்துக்கொள்வார்கள்.

அளவைதான் தடுமாற வைக்கும். 1:50,000, 1:1,000 இரண்டில் எது பெரிய அளவை? ஐம்பதாயிரம்தான் என்று வகுப்பில் பாதிப் பேர் கை தூக்குவார்கள். ஒரு தோசையை இரண்டாகப் பிட்டால் கிடைக்கும் துண்டு பெரிதா, பத்தாகப் பிட்டால் கிடைப்பது பெரிதா என்று கேட்டால் விஷயம் விளங்கிவிடும். அளவை என்பதும் பின்னம்தான். 1:50,000 தாளில் 2 சென்டிமீட்டர் தரையில் 1 கிலோமீட்டர். 1:1,000 தாளில் அதே 2 சென்டிமீட்டர் வெறும் 20 மீட்டர். அதில் ஒரு வீட்டையே வரைந்துவிடலாம்.

1:50,000 தாள்களை வெளியிடுவது 1767இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறை. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து ஆரம்பித்த முக்கோண அளவீடுதான் இந்திய வரைபடங்களுக்கு முதுகெலும்பு. டோபோ ஷீட் என்று ஆசிரியர்கள் சொல்லும் தல வரைபட வரிசையில் நெய்வேலி 58 எம் என்ற கட்டத்தில் வரும். 11 முதல் 12 பாகை வட அட்சம், 79 முதல் 80 பாகை கிழக்குத் தீர்க்கம் வரை அந்தக் கட்டம். 79 பாகை 30 கலைக் கோடு நெய்வேலியை ஒட்டிப் போவதால், சுற்றுவட்டாரத்தைப் பார்க்க இரண்டு தாள்களைச் சேர்த்து விரிக்க வேண்டியிருக்கும். மாணவர்களைத் தரையில் உட்காரவைத்து இதைச் செய்ய வைக்கலாம். கோடுகள் எதற்கு என்பது அப்போது புரியும்.

வரைபட வகைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு முந்திரித்தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தல வரைபடத்தில் அது பச்சை. தாலுகா அலுவலகப் புலப்படத்தில் அதுவே ஒரு சர்வே எண். பச்சையும் இல்லை, முந்திரியும் இல்லை, எல்லைக்கோடும் அளவும்தான். புவியியல் வரைபடத்தில் தோப்பே காணாமல் போய், கடலூர் மணற்கல் என்று அடியில் கிடக்கும் பாறையின் நிறம் பூசியிருக்கும். கேள்வி மாறினால் படமும் மாறும்.

அந்த மூன்றாவது வகைதான் இந்த ஊரின் தலையெழுத்தை மாற்றியது. 1930களில் இந்தப் பகுதி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் துளையிட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளைகள் போட்டுப் பார்த்தது. எத்தனை அடி ஆழத்தில் நிலக்கரி தொடங்குகிறது, எத்தனை அடி கனம் என்று ஒவ்வொரு துளையும் இரண்டு எண்களைச் சொல்லும். ஒரே எண் வந்த இடங்களைக் கோட்டால் இணைத்தால், யாரும் கண்ணால் பார்க்காத பழுப்பு நிலக்கரிப் படுகையின் உருவம் தாளில் தெரிந்துவிடும். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் வெட்டிய சுரங்கத்தில் நிலக்கரி தட்டுப்பட்டது.

அதே உத்தியில் வரைவதுதான் சமஉயரக் கோடும். வட்டத்துக்குள் வட்டமாகக் கோடு சுருங்கினால் குன்று என்று சொல்லிக்கொடுத்திருப்போம். திறந்தவெளிச் சுரங்கமும் கோடுகளில் அப்படித்தான் தெரியும். கோட்டிலிருந்து உள்பக்கம் நீட்டிய சின்னச் சின்ன முட்கோடுகள்தான் அது பள்ளம் என்று காட்டிக்கொடுக்கும். குறிவிளக்கத்தைப் படிக்காத பிள்ளை சுரங்கத்தை மலையாக்கிவிடும்.

இத்தனையும் நடத்திய பிறகும் ஒன்று விடுபடுகிறது. வருஷம். நெய்வேலியில் பள்ளம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பிரமாண்டமான சக்கர இயந்திரம் முன்னால் மண்ணை வெட்டிக்கொண்டே போகிறது. வெட்டிய மண் பின்னால் பழைய குழியில் கொட்டப்படுகிறது. அந்த மேட்டில் மரம் நடுகிறார்கள். பழைய தாளில் வயலாக இருப்பது இன்று பள்ளம். அதில் பள்ளமாக இருப்பது இன்று தோப்பாக இருக்கலாம். அளந்த ஆண்டு தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். இந்த ஊரில் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

சுரங்கத்துக்காக ஊரோடு பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். அவர்கள் தாத்தா பாட்டியின் கிராமத்துக்குப் பழைய கிராம வரைபடம் இருக்கிறது. காட்ட நிலம்தான் இல்லை. வீட்டுப்பாடமாக இதைக் கொடுக்கலாம்: பாட்டியை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல ஊரை வரைந்து வா. அவர் அளவை சொல்ல மாட்டார். கிணறு, கோயில், புளியமரம், யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்றுதான் சொல்வார். வடக்கு எந்தப் பக்கம் என்று பிள்ளை கேட்டு அம்புக்குறி போடட்டும். தலைப்பில் ஊர்ப்பெயரும், மூலையில் பாட்டி சொல்லும் ஆண்டும் எழுதி வரட்டும்.