கல்லூரிப் பிள்ளைகளின் வேலைப் பயிற்சியும் நம் கடைகளும்

கெடாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் அண்மையில் ஒரு சங்கதி சொன்னார். பி.காம். படிக்கும் மகளிடம் கடைச் சிட்டையைக் கொடுத்துப் பற்று வரவு போடச் சொன்னாராம். "புத்தகத்தில் படித்தது வேறு, இது வேறப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். பல வீடுகளில் இதே நிலைதான்.

மாணவர்களுக்கென அரசுப் பணம் செலவாகாமல் இல்லை. 2022 மார்ச் 1-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், ஆண்டுக்குப் பத்து லட்சம் இளைஞருக்குத் திறன் பயிற்சி என்ற இலக்கோடு கல்லூரிகளுக்கு வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 தரும் 'புதுமைப் பெண்' திட்டம் அதே ஆண்டு செப்டம்பரிலும், ஆண்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. படிப்பு பாதியில் நிற்காதிருக்க இவை உதவின. ஆனால் சரக்கு இருப்பு பார்ப்பதும், கொள்முதல் பட்டியலைச் சரிபார்ப்பதும், மாதாமாதம் 11, 20 தேதிகளுக்குள் ஜி.எஸ்.டி. கணக்கு தாக்கல் செய்வதும் கடையில் உட்கார்ந்தால்தானே பழகும்?

இந்த இடத்தில்தான் வணிகர்கள் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். மில்லுக்கும் பஸ் டெப்போவுக்கும் உரியது என்றே நம்மில் பலர் நினைத்து வந்தோம். 2019 விதித் திருத்தப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கட்டாயமாகப் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். நான்கு பேர் முதல் 29 பேர் வரை உள்ள இடங்கள் விரும்பினால் சேர்க்கலாம். விழுப்புரம், திண்டிவனத்தில் மணிலா, உளுந்து மண்டி நடத்துவோர் பலர் இந்த வரம்புக்குள் வருவார்கள். கணவனும் மனைவியுமாக நடத்தும் கிராமக் கடைக்கு இதில் இடமில்லை, அது குறைதான்.

அதே திருத்தம் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ. 9,000 என்று வைத்தது. இதில் பாதி, அதாவது ரூ. 4,500, அப்போது மத்திய அரசின் பங்காக இருந்தது. முன்பெல்லாம் முழுத்தொகையையும் நாம் கொடுத்துவிட்டுப் பிறகு அரசிடம் கேட்டுப் பெற வேண்டும். 2024-இல் அரசின் பங்கை நேரே மாணவரின் வங்கிக் கணக்கில் செலுத்தும் ஏற்பாடு வந்தது. இது நமக்குப் பெரிய நிம்மதி.

"பழக்கிவிட்டால் போய்விடுவானே" என்பார்கள். போகலாம். பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தே தீர வேண்டுமென்ற கட்டாயம் பொதுவாக நமக்கும் இல்லை. சட்டப்படி அவர் பயிற்சி பெறுபவரே தவிர வேலையாள் அல்ல. அதற்காக மூட்டை தூக்கவும் டீ வாங்கி வரவும் அனுப்பினால் அது பயிற்சி ஆகாது. எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்து பதிவு செய்வதும் அவசியம்.

தென் மாநிலங்களுக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. உதவித்தொகை விகிதம் மாறக்கூடியது. எனவே ஆள் சேர்க்குமுன் அங்கோ, பக்கத்துக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரிடமோ அன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கெடார் உறுப்பினரின் மகளுக்கு விழுப்புரத்தில் ஒரு மண்டியில் இடம் கேட்டிருக்கிறோம். ஏப்ரலில் அவளுக்குப் பரீட்சை முடிகிறது.