பதினாறு முதல் பதினெட்டு வரை: இங்கிலாந்தில் ஒரு 'சிக்ஸ்த் ஃபார்ம்' பிள்ளையின் அன்றாடம்



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் நம் குழுக் கூட்டங்களில் பேச்சே மாறிவிடும். சந்தா கட்டி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்ட உடனே, "உன் மகளை எந்த குரூப்புல சேர்க்கப் போற?" என்று ஆரம்பித்துவிடுவோம். அதே வயசுப் பிள்ளைகள் வேறு நாட்டில் என்ன படிக்கிறாங்க, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்ன செய்றாங்க, செலவுக்கு யார் பணம் தர்றாங்க என்று தெரிந்து கொள்வோமா? இந்த இதழில் இங்கிலாந்தைப் பார்ப்போம்.

அங்கே 16 வயசில் ஜி.சி.எஸ்.இ. என்ற பரீட்சை எழுதுவார்கள். நம் பத்தாம் வகுப்பு மாதிரி. அதற்கு மேல் இரண்டு வருஷம் படிக்கிற படிப்புக்குப் பேர்தான் 'சிக்ஸ்த் ஃபார்ம்', அதாவது ஆறாவது ஃபாரம். நம் ஊர்த் தாத்தாமார் "நான் தேர்டு ஃபாரம் வரைக்கும் படிச்சவன்" என்று பெருமையாகச் சொல்வார்களே, அந்த ஃபாரம்தான் இது. வெள்ளைக்காரர் ஆட்சியில் இங்கே வந்த பேர். நம்மிடம் அது மறைந்துவிட்டது. அங்கேயும் மற்ற வகுப்புகளுக்கு ஏழாம் ஆண்டு, எட்டாம் ஆண்டு என்று எண் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டாம் ஆண்டு, பதின்மூன்றாம் ஆண்டு இரண்டையும் சேர்த்து மட்டும் இன்னும் பழைய பேரிலேயே கூப்பிடுகிறார்கள்.

படிப்பது பெரும்பாலும் மூன்றே பாடம்தான்! 'ஏ லெவல்' என்று பேர். 1951ல் இருந்து இந்த முறை இருக்கிறது. நம்மைப் போல சயின்ஸ் குரூப், காமர்ஸ் குரூப் என்று கட்டிக் கொடுப்பதில்லை. அந்தப் பள்ளியில் இருக்கிற பாடங்களில் பிள்ளையே பொறுக்கி எடுக்கலாம். கணக்கு, வரலாறு, ஓவியம் என்று எடுக்கிற பிள்ளையும் உண்டு. உயிரியல், வேதியியல், நாடகம் என்று எடுக்கிற பிள்ளையும் உண்டு. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்றால் வேதியியலை விட்டிருக்கக் கூடாது என்று பின்னால் தெரிந்து என்ன பிரயோஜனம்? 16 வயசில் எடுக்கிற முடிவு பல கதவுகளைச் சாத்திவிடும். அதைச் சொல்லிக் கொடுக்க வீட்டில் படித்தவர்கள் இருக்கிற பிள்ளைக்கு ஒரு நியாயம், இல்லாத பிள்ளைக்கு ஒரு நியாயம். இந்த விஷயத்தில் எல்லா ஊரும் ஒரே ஊர்தான்.

எல்லாரும் ஏ லெவல் படிப்பதில்லை. கைத்தொழில் சார்ந்த படிப்புகள் இருக்கின்றன. 2020ல் 'டி லெவல்' என்று புதிதாக ஒன்றும் கொண்டு வந்தார்கள். வேலை செய்து கொண்டே சம்பளத்தோடு கற்றுக் கொள்கிற பயிற்சியிலும் சேரலாம். எதிலாவது ஒன்றில் இருந்தாக வேண்டும் என்பது இப்போது சட்டம். 2015ல் இருந்து இங்கிலாந்தில் 18 வயசு வரை படிப்போ பயிற்சியோ கட்டாயம்.

<b>ஒரு நாள் எப்படிப் போகும்?</b>

காலை எட்டே முக்கால் வாக்கில் பள்ளி தொடங்கும். சாயங்காலம் மூன்று, மூன்றரைக்கு முடிந்துவிடும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் சீருடை போட்டு வருவார்கள். சிக்ஸ்த் ஃபார்ம் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் சீருடை கிடையாது. சில பள்ளிகளில் ஆபீசுக்குப் போகிற மாதிரி உடுத்தி வரச் சொல்வார்கள். இவர்களுக்கு மட்டுமே தனியாக நடக்கிற கல்லூரிகளும் உண்டு. அங்கே பல இடங்களில் ஆசிரியரைப் பேர் சொல்லியே கூப்பிடுகிறார்கள். நமக்குக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது, இல்லையா?

ஒரு பாடத்துக்கு வாரம் நாலைந்து மணி நேரம்தான் வகுப்பு. மூன்று பாடத்துக்கும் சேர்த்துப் பதினைந்து மணி நேரம் சுமார். மீதி நேரத்தை 'ஃப்ரீ பீரியட்' என்று விட்டுவிடுகிறார்கள். நூலகத்தில் உட்கார்ந்து தானாகப் படிக்க வேண்டும். பக்கத்தில் நின்று யாரும் மிரட்ட மாட்டார்கள். படிக்கிற பிள்ளை படிக்கும். பொது அறையில் உட்கார்ந்து அரட்டை அடிக்கிற பிள்ளையும் இருக்கும். வகுப்பு நேரம் எவ்வளவோ, அதே அளவு நேரம் சொந்தமாகப் படிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்லிக் கொண்டே இருப்பார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, டீ போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கிற நமக்கு இது புதுசு.

இன்னொன்றும் இருக்கிறது. விருப்பப்பட்ட பிள்ளை தனக்குப் பிடித்த ஏதாவது ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, மாதக் கணக்கில் அதைத் தோண்டித் துருவி, ஐயாயிரம் வார்த்தைக்குக் கட்டுரை எழுதலாம். இல்லையென்றால் ஒரு பொருளைச் செய்து காட்டலாம். ஒரு உடுப்பைத் தைத்துக் காட்டினாலும் சரி, ஒரு நாடகம் போட்டாலும் சரி. எப்படி யோசித்தோம், எங்கே தடுமாறினோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்கு அரை ஏ லெவல் மதிப்பு உண்டு. தையல், கோலம், பாட்டு என்று நாம் "பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைக்கிற விஷயங்களுக்கு அங்கே மதிப்பெண்ணே தருகிறார்கள்.

<b>பிடித்தது என்ன?</b>

கால்பந்து, பாட்டு, சினிமா, செல்ஃபோன் விளையாட்டு... இதெல்லாம் எந்த ஊரிலும் இருப்பதுதான். செல்ஃபோனைப் பிடுங்கி வைக்கிற சண்டை அங்கேயும் உண்டு. 17 வயசானால் கார் ஓட்டக் கற்றுக் கொள்ளலாம் என்பதால், பிறந்த நாளுக்காகக் காத்துக் கிடக்கிற பிள்ளைகள் நிறைய. கதை எழுதுகிறவர், கிட்டார் வாசிக்கிறவர், ஸ்வெட்டர் பின்னுகிறவர் என்று பல ரகம்.

எங்களுக்குப் பிடித்தது 'எடின்பரோ கோமகன் விருது' என்கிற ஏற்பாடு. 1956ல் தொடங்கியது. முதலில் பையன்களுக்கு மட்டும்தான். 1958ல் பெண்களுக்கும் திறந்துவிட்டார்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. தங்கப் படிக்கு 16 வயசு ஆகியிருக்க வேண்டும். பொதுச் சேவை செய்ய வேண்டும், உடம்புக்குப் பயிற்சி வேண்டும், ஒரு கலையோ தொழிலோ கற்க வேண்டும். கடைசியாக, கூடாரம், சாப்பாடு எல்லாம் முதுகில் சுமந்துகொண்டு நாலு பகல், மூன்று இரவு காடு மேடு நடந்து போய் வர வேண்டும். வழிகாட்டப் பெரியவர்கள் கூட வர மாட்டார்கள், தூரத்தில் இருந்து கவனிப்பதோடு சரி. பெண் பிள்ளைகளும் போகிறார்கள். அடுத்த ஊர்க் கடைக்கே தம்பியைத் துணைக்கு அனுப்புகிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

லண்டனில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பெரும்பாலும் இலங்கையில் போர்க்காலத்தில் போனவர்கள். அவர்கள் வார இறுதியில் தமிழ்ப் பள்ளிகள் நடத்துகிறார்கள். அங்கே படித்து வளர்ந்த பிள்ளைகளே சிக்ஸ்த் ஃபார்ம் வந்த பிறகு சின்னக் குழந்தைகளுக்கு அ, ஆ எழுதிப் பழக்க உதவுவதும் உண்டு.

<b>பணம் எங்கிருந்து வருகிறது?</b>

நமக்கு முக்கியமான விஷயம் இதுதானே! அரசுப் பள்ளியில், அரசுக் கல்லூரியில் இந்த இரண்டு வருஷத்துக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் பஸ் செலவு, புத்தகம், துணிமணி, சாப்பாடு எல்லாம் இருக்கிறதே. அதனால் பல பிள்ளைகள் சனிக்கிழமை வேலைக்குப் போகிறார்கள். கடையில் கல்லாவில் நிற்பது, ஓட்டலில் மேசை துடைப்பது, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக் கொள்வது இப்படி. பணக்கார வீட்டுப் பிள்ளையும் போகும். அதைக் கேவலமாக நினைப்பதில்லை. இந்த வயசுக்கு என்று குறைந்தபட்சக் கூலியை 2004ல் கொண்டு வந்தார்கள், அப்போது மணிக்கு 3 பவுண்டு. 2025 ஏப்ரலில் 7.55 பவுண்டு ஆக்கினார்கள். (பவுன் என்றதும் நகை ஞாபகம் வரும்! இது அந்த நாட்டுப் பணம். ஒரு பவுண்டு இன்றைக்கு நூறு ரூபாய்க்கு மேல்.) ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இந்த வயசுப் பிள்ளையிடம் வேலை வாங்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது.

கைச்செலவுக்கு வேலை செய்கிற பிள்ளை வேறு. வீட்டு வாடகைக்கு உதவ வேலை செய்கிற பிள்ளை வேறு. இரண்டாவது பிள்ளைக்குத் தானாகப் படிக்க விட்ட நேரம் எல்லாம் கடையிலேயே போய்விடும். இதற்காக 2004ல் இங்கிலாந்து முழுவதும் ஒரு உதவித்தொகை தந்தார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை 16 வயசுக்கு மேலும் படித்தால், வீட்டு வருமானத்தைப் பொறுத்து வாரம் 10, 20 அல்லது 30 பவுண்டு. பணம் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்குக்கே போகும். அந்த வாரம் ஒழுங்காக வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அந்த வாரப் பணம் இல்லை. 16 வயசில் சொந்தக் கணக்கு, வாரா வாரம் வரவு பார்ப்பது... சேமிப்புப் பழக்கம் தெரிந்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும்.

2010ல் புது அரசு வந்து செலவைக் குறைக்கிறோம் என்று இதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆனாலும் 2011ல் இங்கிலாந்தில் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் இருக்கிற வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் தொடர்ந்து கொடுத்தார்கள். இங்கிலாந்தில் அதற்குப் பதிலாக வந்த நிதியைப் பள்ளி, கல்லூரி வழியாகத்தான் தருகிறார்கள். பெரும்பாலும் யாருக்கு எவ்வளவு என்பதை அந்தந்த இடத்திலேயே முடிவு செய்வார்கள். உரிமையாக வந்த பணத்துக்கும், போய்க் கேட்டு வாங்குகிற பணத்துக்கும் வித்தியாசம் உண்டல்லவா?

தாய்க்கு வருகிற பணம் ஒன்றும் இருக்கிறது, குழந்தைத் தொகை. பிள்ளை 16க்கு மேலும் பள்ளியில் இருந்தால் இது நிற்காமல் வரும், படிப்பை விட்டால் நின்றுவிடும். 2025 ஏப்ரல் நிலவரப்படி முதல் பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண்டு. இதன் பின்னால் எலினார் ராத்போன் என்ற பெண் நாடாளுமன்ற உறுப்பினரின் உழைப்பு இருக்கிறது. 1945ல் குடும்பப் படிச் சட்டம் வந்தபோது, பணத்தை அப்பா கையில் கொடுப்பதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். அம்மா கையில்தான் கொடுக்க வேண்டும் என்று போராடி மாற்ற வைத்தார் அவர். 1946 ஆகஸ்டில் முதல் பணம் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. அந்த வருஷம் ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

இதே அம்மையார் 1934ல் நம் நாட்டுக் குழந்தைத் திருமணம் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். வேடிக்கை என்னவென்றால், அவர் நாட்டிலேயே 16, 17 வயசுப் பெண்ணுக்குப் பெற்றோர் சம்மதித்தால் கல்யாணம் செய்யலாம் என்ற சட்டம் சமீபம் வரை இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 பிப்ரவரி 27ல் இருந்துதான் 18 வயசுக்குக் கீழ் யாருக்கும் கல்யாணம் கூடாது என்று ஆனது. நம் சட்டத்தில் பெண்ணுக்கு 18 என்று 1978லேயே வந்துவிட்டது. சட்டம் நம்மிடம்தான் முந்தி. நடப்பு எப்படி என்று நம் பஞ்சாயத்துகளில் நமக்கே தெரியும். சிக்ஸ்த் ஃபார்ம் வயசும் கல்யாணப் பேச்சு வருகிற வயசும் ஒன்றாக இருப்பதால்தான் இதை இங்கே சொல்கிறோம்.

<b>அடுத்தது கல்லூரி</b>

இரண்டாம் வருஷம் தொடங்கியதுமே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம். 'யூகாஸ்' என்ற ஒரே அமைப்பு மூலம் ஐந்து இடங்கள் வரை கேட்கலாம். மார்க்கு மட்டும் போதாது. தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டும், நாலாயிரம் எழுத்துக்குள். முன்பு ஒரே கடிதமாக எழுதினார்கள். 2026ல் சேருகிறவர்களில் இருந்து மூன்று கேள்வியாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பு ஏன் வேண்டும்? படித்தது எப்படித் தயார் செய்தது? பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய், அது எப்படி உதவும்? சனிக்கிழமை வேலை, சேவை, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொண்டது எல்லாம் அந்த மூன்றாவது கேள்வியில் வரலாம். வீட்டில் நோயாளியைக் கவனிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே 'இளம் பராமரிப்பாளர்' என்று பேர் இருக்கிறது. அவர்களுக்கு என்ன உதவி தேவை என்று கேட்டறிய வேண்டும் என 2014ல் சட்டமே போட்டார்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் செய்கிற அதே வேலைதான். நாம் அதற்குப் பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு முன்னாலேயே, "இவ்வளவு கிரேடு வாங்கினால் உனக்கு இடம்" என்று பல்கலைக்கழகம் சொல்லிவிடும். மலாலாவை நமக்கெல்லாம் தெரியும். பாகிஸ்தானில் சுடப்பட்டு 2012ல் சிகிச்சைக்காக பர்மிங்காம் வந்தவர், அங்கேயே பள்ளியில் சேர்ந்தார். 17 வயசில் நோபல் பரிசு வாங்கினார். அதற்குப் பிறகும் மற்றப் பிள்ளைகளைப் போல ஏ லெவல் படித்தார். ஆக்ஸ்ஃபோர்டு அவரிடம் மூன்று 'ஏ' கேட்டது. நோபல் பரிசு இருக்கிறதே என்று விட்டுவிடவில்லை! 2017 ஆகஸ்ட் 17ல் ரிசல்ட் வந்தது, இடம் கிடைத்தது. 2020ல் பட்டம் வாங்கினார்.

ரிசல்ட் வருவது ஆகஸ்ட் மாத நடுவில், ஒரு வியாழக்கிழமை. கேட்ட கிரேடு வராத பிள்ளைகள் அன்றைக்கே காலையில் ஃபோனை எடுத்து, எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் மீதி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். அம்மாவோ அப்பாவோ பேசினால் பெரும்பாலும், "பிள்ளையிடம் ஃபோனைக் கொடுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.