படகையும் பந்தலையும் தாங்கும் இரும்புக் கை

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு வேலை நடக்கும். மேற்கு வெயில் கல்லாப்பெட்டி வரை ஏறி வந்ததும் கடைப்பையன் வெளியே வந்து படுதாவை இறக்கிவிடுவான். சுவரில் கீல் போட்டுப் பொருத்திய இரண்டு இரும்புக் கைகள், அவற்றின் நுனிகளை இணைக்கும் ஒரு குழாய், அதில் கட்டிய தார்ப்பாய், ஒரு சின்னக் கப்பி, ஒரு நைலான் கயிறு. கயிற்றின் முனையைச் சுவர்க் கொக்கியில் எட்டுப் போட்டுச் சுற்றினால் வேலை முடிந்தது. தேனி பஸ்ஸுக்கும் திருப்பூர் பஸ்ஸுக்கும் காத்திருப்பவர்களுக்கு நிழல் கிடைத்துவிடும்.

வெளியே நீளும் கை, அதன் நுனியில் கப்பி, கப்பி வழியாகக் கயிறு, கயிற்றை நிறுத்திவைக்க ஒரு பிடி. கப்பலின் விளிம்பில் உயிர்காப்புப் படகைத் தாங்கி நிற்பதும் இதே நான்கு உறுப்புகள்தான். கப்பல்காரர்கள் அதை ‘டேவிட்’ என்கிறார்கள். பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்கள் பின்பக்கத்தில் இப்படி இரண்டு கைகளை நட்டு, கரைக்குப் போய்வரும் குட்டிப் படகை அதில் தொங்கவிடுகிறார்கள். பலர் அந்தக் கைகளின் மேலேயே சூரிய மின்தகடுகளையும் நிழல்துணியையும் பொருத்திக்கொள்கிறார்கள்.

தூக்குவதற்கென்று செய்த கருவி என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். ஆனால் இதில் தூக்குவது சுலபமான பகுதி. தூக்கியதைப் பிடித்து நிறுத்துவதிலும், வேண்டிய நேரத்தில் சேதமில்லாமல் இறக்குவதிலும்தான் சிக்கல் எல்லாம் இருக்கிறது.

கடைப் படுதாவையே எடுத்துக்கொள்வோம். துணியும் குழாயும் சேர்ந்து பத்துப் பதினைந்து கிலோகூட இருக்காது. அதன் மீது மழைத் தண்ணீர் தேங்கி ஒரு சதுர மீட்டர் இடத்தில் பத்து சென்டிமீட்டர் நின்றால், அந்தத் தண்ணீரின் எடை மட்டுமே 100 கிலோ. காற்று இன்னும் மோசம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, நேராக மோதும் பரப்பில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் உள்ள ஒரு படுதாவை அந்தக் காற்று முழுசாகப் பிடித்துக்கொண்டால் 140 கிலோவுக்கு மேல் விசை வரும். அதுவும் கீழிருந்து மேலே தூக்கும் விசை. கீழ்நோக்கி வரும் பாரத்துக்காகச் சுவரில் அடித்த ஆணி, மேல்நோக்கி இழுக்கும்போது பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான். சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்றில் கிழிகிற பந்தல்களில் பல, சுருட்டி வைத்திருந்தால் தப்பியிருக்கும்.

படகும் பந்தலும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்த காலத்தைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். 1926-ல் கட்டப்பட்ட ‘ராஜுலா’ கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றிப் போனது. அறை எடுக்க வசதியில்லாதவர்கள் ‘டெக் பாசஞ்சர்’. தளத்திலேயே பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு போகவேண்டியதுதான். வெப்பக் கடல்களில் ஓடிய கப்பல்களில் இத்தகைய திறந்த தளங்களுக்கு மேலே கித்தான் விரித்திருப்பார்கள். இரும்புக் கால்களும் நடுவே இழுத்துக் கட்டிய கம்பிக் கயிறும் அதைத் தாங்கும். பக்கத்திலேயே விளிம்பை ஒட்டி வரிசையாகப் படகுகள் தொங்கும். பயணி ஒருவர் அண்ணாந்து பார்த்தால் நிழலையும் உயிரையும் தாங்கும் கம்பங்கள் ஒரே வரிசையில் தெரியும்.

அந்தக் காலத்து டேவிட் மிக எளிமையானது. குடைக் கைப்பிடிபோல மேலே வளைந்த இரண்டு இரும்புத் தண்டுகள். அவை தம் இடத்திலேயே சுழலும். ஒவ்வொன்றின் நுனியிலிருந்தும் கப்பிக் கயிறு இறங்கி, படகின் முன்முனையையும் பின்முனையையும் பிடித்திருக்கும். கிணற்றடியில் ஒற்றைக் கப்பியில் நீர் இறைத்தவர்களுக்குத் தெரியும்: அது இழுக்கும் திசையை மாற்றுமே தவிர, பாரத்தைக் குறைக்காது. கப்பலில் அப்படி இல்லை. மேலே ஒரு கப்பிக் கட்டை, கீழே ஒரு கப்பிக் கட்டை, இரண்டுக்கும் நடுவே கயிறு ஆறு இழையாக ஓடினால் பாரம் ஆறாகப் பிரியும். 600 கிலோ படகை 100 கிலோ இழுவையில் தூக்கிவிடலாம்; உராய்வுக்குக் கொஞ்சம் கூடப் போடவேண்டும். அதற்கு விலை, ஒரு மீட்டர் உயர்த்த ஆறு மீட்டர் கயிறு இழுக்கவேண்டும் என்பது.

சிரமம் வேறிடத்தில் இருந்தது. இரண்டு தண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைவிடப் படகு நீளம். அதனால் படகை முதலில் ஒரு பக்கமாகத் தள்ளி ஒரு முனையை வெளியே விட்டு, பிறகு மறுபக்கம் தள்ளி அடுத்த முனையை வெளியே கொண்டுவரவேண்டும். அமைதியான துறைமுகத்தில் இதற்குச் சில நிமிடம் ஆகும். இருட்டில், கப்பல் ஆடும்போது, கூட்டம் சூழ்ந்து கத்தும்போது இது பெரும்பாடு.

ஸ்வீடன் நாட்டு ஆக்சல் வெலின் இதற்கு ஒரு வழி கண்டார். தண்டின் அடிப்பகுதியைக் கால்வட்டப் பற்சக்கரமாக்கி, திருகு ஒன்றைக் கைப்பிடியால் சுற்றினால் தண்டு அப்படியே வெளிப்பக்கம் சாயும்படி செய்தார். டைட்டானிக் கப்பலில் இருந்தவை இந்த வெலின் டேவிட்டுகள்தான். மொத்தம் 16 ஜோடி. ஒரு ஜோடியால் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு படகுகள் வரை இறக்கமுடியும். அதாவது 64 படகுகளைக் கையாளும் கருவி அங்கே இருந்தது. கப்பலில் வைத்திருந்ததோ 20 படகுகள். அன்றைய பிரிட்டிஷ் விதி 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 16 படகுகளோடு நிறுத்திக்கொண்டது. டைட்டானிக் 46,000 டன்னைத் தாண்டிய கப்பல்.

1912 ஏப்ரல் 14 நள்ளிரவுக்குப் பின் அது மூழ்கிக்கொண்டிருந்தபோது நடந்தது இன்னும் வேதனையானது. 65 பேர் ஏறக்கூடிய முதல் படகு 30 பேர்கூட இல்லாமல் இறங்கியது. உயரத்திலிருந்து முழு பாரத்தோடு இறக்கினால் தாங்குமா என்று தயங்கியதாக அதிகாரி ஒருவர் பின்னால் விசாரணையில் சொன்னார். கருவி தாங்கியிருக்கும், கருவியை நம்பும் அளவுக்குப் பழக்கம் இல்லை. கடைசி இரண்டு மடக்குப் படகுகள் அதிகாரிகள் அறையின் கூரைமேல், டேவிட்டுக்கு எட்டாத இடத்தில் கிடந்தன. அவற்றை முறையாக இறக்கவே முடியவில்லை. சுமார் 1,500 பேர் இறந்தார்கள்.

இதையடுத்து 1914 ஜனவரியில் லண்டனில் கூடிய நாடுகள் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. எல்லோருக்கும் படகு என்ற கொள்கை வந்தது. அவசரப்பட்டுப் படகுகளைக் கூட்டியதில் இன்னொரு விபத்தும் நடந்தது. அமெரிக்காவின் ‘ஈஸ்ட்லாண்ட்’ கப்பலில் புதிய விதிகளுக்காக மேல்தளத்தில் படகுகளும் மிதவைகளும் ஏற்றினார்கள். ஏற்கனவே தலைக்கனம் கொண்ட கப்பல் அது. 1915 ஜூலை 24 அன்று சிகாகோ ஆற்றில், துறையில் கட்டியிருந்த இடத்திலேயே கவிழ்ந்தது. 844 பேர் மாண்டார்கள்.

படகு போதுமான அளவு இருந்தும் பயன்படாமல் போவதும் உண்டு. 1956 ஜூலையில் மோதலுக்கு ஆளான இத்தாலியக் கப்பல் ‘ஆந்த்ரேயா டோரியா’ ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உயர்ந்து நின்ற பக்கத்துப் படகுகளை வெளியே தள்ளவே முடியவில்லை; பாதிப் படகுகள் வீண். பக்கத்தில் வந்த கப்பல்கள் உதவியதால்தான் பெரும்பாலோர் பிழைத்தார்கள். இன்றைய சர்வதேச விதிப்படி, கப்பல் எந்தப் பக்கம் 20 பாகை சாய்ந்தாலும், முன்னோ பின்னோ 10 பாகை தாழ்ந்தாலும் முழு ஆட்களோடு படகை இறக்க முடியவேண்டும். கப்பலின் மின்சாரத்தை நம்பவும் கூடாது. புவியீர்ப்பு விசையோ, முன்கூட்டியே சேமித்து வைத்த இயந்திர விசையோதான் இறக்கவேண்டும். சரக்குக் கப்பலில் 10 நிமிடத்துக்குள், பயணிகள் கப்பலில் எல்லோரும் கூடி உயிர்காப்பு அங்கி அணிந்தபின் 30 நிமிடத்துக்குள் இந்த வேலை முடியவேண்டும்.

இன்றைய டேவிட்டில் படகை இறக்குபவர் கையில் இருப்பது ஒரே ஒரு கைப்பிடி. அதன் நுனியில் கனமான இரும்புக் குண்டு இருக்கும். கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தால் பிரேக் விடுபட்டுப் படகு இறங்கும். கையை விட்டால் குண்டின் கனத்திலேயே கைப்பிடி விழுந்து பிரேக் பிடித்துக்கொள்ளும். பயத்தில் ஓடிவிட்டாலும், மயங்கி விழுந்தாலும் படகு நின்றுவிடும். இறங்கும் வேகம் மிஞ்சாமல் இருக்க இன்னொரு பிரேக் தானாகவே வேலை செய்யும். அதற்கு முன்னால் படகை ஆடாமல் பிடித்திருக்கும் கட்டுகளை அவிழ்க்கவேண்டும். முன்முனைக் கயிற்றைக் கப்பலின் முன்பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டவேண்டும். படகின் அடித் துளைக்கு மூடி போட்டாயிற்றா என்று பார்க்கவேண்டும். இந்த மூடியை மறந்தால் படகு இறங்கியதும் தண்ணீர் ஏறும்.

இவ்வளவு செய்தும், உயிர் காக்க வந்த கருவி உயிரைப் பறிப்பது நிற்கவில்லை. பிரிட்டனின் கடல் விபத்து ஆய்வுப் பிரிவு 2001-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பத்து ஆண்டுகளில் அது ஆராய்ந்த படகு இறக்கும் விபத்துகளில் 12 மாலுமிகள் இறந்திருந்தார்கள். 87 பேர் காயமடைந்திருந்தார்கள். கப்பல் மூழ்கும்போது நடந்த சாவுகள் அல்ல. பயிற்சியிலும் பராமரிப்பிலும் போன உயிர்கள்.

பெரிய குற்றவாளி கொக்கி. படகு முன்னும் பின்னுமாக இரண்டு கொக்கிகளில் தொங்குகிறது. தண்ணீரைத் தொட்டதும் இரண்டும் ஒரே நேரத்தில் விடவேண்டும். அலையில் ஒன்று விட்டு ஒன்று விடாமல் இருந்தால் படகு தலைகீழாகும். அதற்காகப் பாரம் இருக்கும்போதே விடுவிக்கும் கொக்கிகளை வடிவமைத்தார்கள். தேய்ந்தாலோ, சரியாகப் பூட்டாமல் விட்டாலோ அந்தக் கொக்கி நடுவானத்திலேயே திறந்துகொண்டது. கடைசியில் 2011-ல் சர்வதேச கடல்சார் அமைப்பு, புதிய விதிக்குப் பொருந்தாத கொக்கிகளை எல்லாக் கப்பல்களிலும் 2019 ஜூலை 1-க்குள் மாற்றியாகவேண்டும் என்று முடிவெடுத்தது.

அடுத்தது கயிறு. 2013 பிப்ரவரி 10 அன்று ஸ்பெயினின் லா பால்மா தீவில் ‘தாம்சன் மெஜஸ்டி’ என்ற சுற்றுலாக் கப்பலில் படகுப் பயிற்சி நடந்தது. படகை மேலே ஏற்றி முடிக்கிற நேரம் கம்பிக் கயிறு அறுந்தது. ஐந்து ஊழியர்கள் இறந்தார்கள். டேவிட்டின் உச்சிக் கப்பியில் வளைந்து கிடந்த இடத்தில் கயிறு உள்ளுக்குள் அரித்திருந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கயிற்றை மாற்றவேண்டும் என்பது விதி. அந்தக் கயிற்றுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. மேலே கிரீஸ் பூசியிருந்தாலும் உப்புக்காற்று உள்ளிழை வரை போய்விடும். தேதியை மட்டும் பார்க்காமல், கப்பியில் படிந்திருக்கும் பகுதியை வெளியே எடுத்துப் பார்க்கவேண்டும் என்பது இந்த விபத்து தந்த பாடம்.

தமிழகக் கரையில் இந்த இரும்புக் கைகளை மீனவர்களிடம் காண்பது அரிது. கட்டுமரத்தைத் தோளில் சுமந்தார்கள். ஃபைபர் படகை மணலில் உருளைகள் போட்டு ஆட்கள் சேர்ந்து இழுக்கிறார்கள். சென்னை போன்ற இடங்களில் டிராக்டர் வந்துவிட்டது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேசுவரம், நாகப்பட்டினம் பக்கம் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான். 2004 சுனாமி நாகப்பட்டினத்தில் விசைப்படகுகளைத் தூக்கி நிலத்தில் வீசியபோது, அவற்றைத் திரும்ப நீரில் விடக் கிரேன்கள் தேவைப்பட்டன.

வைகையில் வெள்ளம் வந்தால்தான் படகைப் பற்றிப் பேச்சே எழும் மதுரையில், படகு இறக்கக் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் உண்டு. அங்குள்ள ஆர்.எல். கடல்சார் அறிவியல் நிறுவனம் கப்பல் வேலைக்கு ஆட்களைத் தயார்செய்கிறது. தூத்துக்குடியில் தமிழ்நாடு கடல்சார் பயிற்சிக் கழகம் இருக்கிறது. கப்பலில் படகுக்குப் பொறுப்பேற்பவர், உயிர்காப்புப் படகுகளைக் கையாளும் திறனுக்கெனத் தனிச் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் பயிற்சி ஓயாது. மாதந்தோறும் ஒத்திகை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கவேண்டும், ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை முழு பாரத்தைப்போல 1.1 மடங்கு எடை ஏற்றிச் சோதிக்கவேண்டும்.

கப்பல் வேலை ஆசையில் தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டுவதும், ஏஜென்ட்டிடம் ஏமாறுவதும் நடக்கிறது. பையனை அனுப்புவதற்கு முன் பெற்றோர் இரண்டு காரியம் செய்யலாம். இந்திய அரசின் கப்பல் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியலை இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது; சேரப்போகும் இடத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நேரில் போய், மாணவர்கள் படகை ஏற்றி இறக்கிப் பழகும் டேவிட் எங்கே என்று கேளுங்கள். காட்டினால் அதன் கயிற்றையும் கொக்கியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புங்கள்.